சிங்கத்துக்குப் பல் தேய்த்தவர்

“இவரு யாரு, சொல்லு பாப்போம்?” என்று நர்ஸ் மறுபடியும் என் பேத்தியிடம் கேட்டாள்.

மணிக்கொரு தரம் இதே விசாரணை. எனக்கு நர்ஸ் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் முகத்தில் அப்படித் திருட்டுக்களையா சொட்டுகிறது?

பேத்தி இரண்டு நாளாக ஓர் ஏரியையே குடித்துத் தீர்த்தாள். காலையில் வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு. தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், சர்க்கரை வியாதியாம். எட்டு வயதில்! ரத்தமே அமிலமாகிக் கிடக்கிறதாம். ஒரு கையில் இன்சுலின், மறு கையில் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர்.

அவள் கண்ணைப் பாதி திறந்தாள்.

“சர்க்கஸ்ல சிங்கத்துக்குப் பல்லு தேச்சுவிட்டவரு.”

நர்ஸ் டார்ச்சை அவள் கண்ணில் அடித்தாள். அடுத்த நொடி கட்டிலைச் சுற்றி ஒரு படையே நின்றது.

“உளர்றா டாக்டர்.”

அந்தக் கேள்வி என்னைப் பற்றியதே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. இந்த வைத்தியத்தின்போது சில பிள்ளைகளுக்கு மூளை வீங்குமாம். உளறல்தான் முதல் எச்சரிக்கையாம்.

“ஐயோ டாக்டர், அது நான் விட்ட கதை! பல்லு தேய்க்கும்போது சிங்கம் கூச்சத்துல நெளியும்னுகூடச் சொல்லியிருக்கேன்.”

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உளறுவது குடும்ப வியாதியோ என்ற சந்தேகம் அவர் புருவத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சாட்சி சொல்ல அவள் அம்மா இன்னும் வந்து சேரவில்லை.

“ஐயா, கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம் போங்க.”

போனேன். காது மட்டும் போகவில்லை.

“தாத்தா நிஜமா என்ன வேலைம்மா பார்த்தாரு?” என்று நர்ஸ் அவளிடம் கேட்டாள்.

அவள் பிறந்ததிலிருந்து அந்த உண்மையைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. தெரியாததை எப்படிச் சொல்வாள்? மறுபடி சிங்கம் என்பாள். இவர்கள் மூளை என்பார்கள். அப்புறம் அந்தப் பிஞ்சு உடம்பில் எதை எதை ஏற்றுவார்களோ.

அவள் வாய் திறப்பதற்குள் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

பிறகு வறண்ட குரல் மெல்லக் கேட்டது.

“கரண்ட் ஆபீஸ்ல கவர் ஒட்டுற வேலை.”

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

“அக்கா…” குரல் இன்னும் தாழ்ந்தது. “எனக்குத் தெரியும்னு தாத்தாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம் அவரு.”