லைட் வேண்டாத கேமரா

"அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க மேடம். இருட்டுல மூஞ்சி தெரியுதான்னு பாத்துடலாம்." இப்படிச் சொன்னவன் லைட்மேன்தான்.

கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்து விளக்குகளை மட்டும் அணைத்தாள். கண்ணாடி மேஜையின் மேல் மூன்று சின்ன வீடியோ கேமராக்கள் இருந்தன. மூன்றும் ஹெச்.டி., மூன்றும் உள்ளங்கையில் அடங்குபவை.

கேமராமேன் ஒவ்வொன்றாக எடுத்து லைட்மேனின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முதல் இரண்டிலும் மணலைத் தூவினது போல முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மூன்றாவதில் மூக்கின் மேல் இருந்த பழைய தழும்பு வரை துல்லியமாக வந்தது.

"இதான் மாமா. இதுக்கு லைட்டே வேணாம்."

கேமராமேன் அதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

லைட்மேன் அவருடைய மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து மாமாவோடுதான் திரிகிறான். தோளில் சுமக்கிற பழைய கேமரா அவருக்கு. கம்பத்தில் கட்டிய விளக்கு, ஒயர், மைக் எல்லாம் மச்சானுக்கு. விளக்கின் சூடு பட்டுப் பட்டு அவனுடைய வலது கன்னம் இடது கன்னத்தைவிடக் கறுத்துப்போயிருந்தது.

இருவருக்கும் பிழைப்பு ஊரிலிருந்த பெரிய மண்டபத்தை நம்பித்தான். அங்கே நடக்கிற விழாக்களையெல்லாம் அவர்கள்தான் படம் பிடித்தார்கள். போன வாரம் மண்டபத்து மேனேஜர் கேமராமேனைத் தனியாக அழைத்தார். "வர்றவங்க கண்ணு கூசுதுங்கறாங்க. ஒயர் தடுக்கி ஒரு அம்மா விழுந்தே போயிட்டாங்க. இனிமே ஒரு ஆள், ஒரு சின்ன கேமரா. அவ்வளவுதான்."

சரியென்று தலையாட்டிவிட்டு வந்தவர், அதை மச்சானிடம் சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் எந்தக் கேமரா நல்லதென்று பார்த்துச் சொல்ல அவனையே கூட்டி வந்திருந்தார். புதுச் சாமான்களில் அவனுக்குத்தான் விவரம் அதிகம்.

"ஏன் மாமா, லைட் வேணாத கேமராவாவே பாக்கறீங்க?" என்று கேட்டான் மச்சான்.

"உன் தோளுக்காகத்தான்டா. எத்தனை நாளைக்கு அந்தக் கம்பத்தைத் தூக்கிட்டு நிப்ப?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"மைக்கைப் பாத்துக்கோ."

"மைக்கே வேணாம் சார்," என்று நடுவில் புகுந்தாள் கடைக்காரப் பெண். "இதுலயே நல்ல மைக் இருக்கு."

"கூட்டத்துல யாரை எடுக்கணும்னு மாமா காதுல நான்தான் சொல்லணும். அதுக்காவது ஆள் வேணுமே."

"முகத்தையெல்லாம் அதுவே கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணிக்கும் சார்."

"டீ வாங்கிட்டு வருமா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கேமராமேனும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

பேச்சை மாற்ற நினைத்து, "கார்டை எங்க போடறது?" என்று கேட்டார். அந்தப் பெண் கேமராவைத் திருப்பித் திருப்பித் தேடினாள். மச்சான் அதை வாங்கி, கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடியே, கைப்பட்டைக்கு அடியில் விரலை விட்டு ஒரு சின்ன மூடியைத் தட்டினான். திறந்துகொண்டது.

"இன்னொரு பேட்டரியும் சேத்து வாங்கிடுங்க மாமா. ஒண்ணே ஒண்ணுன்னா விழா பாதியில இருக்கும்போது காலை வாரி விட்டுடும்."

கேமராமேனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தனக்கான குழியைத் தானே வெட்டுகிறான், மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது கேமராவுக்கே பில் போடச் சொன்னார்.

பெட்டியை மச்சான்தான் தூக்கி வந்தான். வெளியே, வண்டியருகில் வந்ததும் கேமராமேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை.

"மச்சான், தப்பா எடுத்துக்காதே. மண்டபத்துல இனிமே ஒரு ஆள்தான் வரணுமாம். மேனேஜர் கறாரா சொல்லிட்டார். உனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன். மனுஷன் மசியல."

"தெரியும் மாமா."

"தெரியுமா? யாருடா சொன்னது?"

"அவரேதான். விழா முடிஞ்சு ஒயரைச் சுத்திட்டிருந்தேன், அப்ப சொன்னார். நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். உள்ளேயும் ஒரு தடவை கேட்டுப் பாத்தேன். தோளுக்காகன்னீங்க."

கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார். "அக்காகிட்ட இப்போதைக்குச் சொல்லாதேடா. உனக்கு வேற ஏதாவது வேலை பாத்துத் தரேன். சத்தியமா."

மச்சான் பெட்டியை அவரிடம் நீட்டினான். கீழே விழுந்துவிடக் கூடாதென்று அடியில் ஒரு கை கொடுத்து, அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளும் வரை விடவில்லை.

"நல்ல கேமராதான் மாமா. என்கிட்டயும் இதேதான் இருக்கு."

"உனக்கு எதுக்குடா கேமரா?"

"அந்த ஒரு ஆள் நான்தான் மாமா."