முழங்காலிலிருந்து தரைவரை
பாமிர் மலைவீட்டின் கூரைத் திறப்பு வழியே காலை வெயில் ஒரு பாய் அகலத்துக்கு இறங்கிக் கிடக்கிறது. சுவரோரத் திண்ணைமேடை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் மகன் ஷோதியின் முன்னால் தச்சர் தவ்லத்ஷா மண்டியிட்டிருக்கிறார். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனவன், சாரம் சரிந்து, முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்து நேற்றுத்தான் வீடு திரும்பியிருக்கிறான். மரக்கால் செய்ய அளவு வேண்டும். இடது காலோடு ஒரு மெல்லிய மல்பெரிச் சட்டத்தை நிறுத்தி, மூலைமட்டம் வைத்து, பென்சிலால் கோடு கிழிக்கிறார். கட்டிலானாலும் கதவானாலும் ஜோடியில் ஒன்றை மட்டும் அளந்து நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. தலை நிமிராமலே, "எங்க, அந்தக் காலையும் நீட்டு, சரிபாத்துக்குவோம்" என்கிறார். சொன்ன பிறகுதான் உறைக்கிறது. "அது மாஸ்கோவ விட்டு வரமாட்டேன்னுடுச்சுப்பா. என்னைவிட அதுக்குச் சம்பளம் ஜாஸ்தி போல" என்று ஷோதி சிரிக்கிறான். "வாய மூடுடா" என்கிறார். மகனே சட்டத்தை வாங்கி, மடித்து ஊசி குத்திய கால்சட்டைக்குக் கீழே நிறுத்துகிறான். "இங்கேருந்து தரை வரைக்கும். போடுங்கப்பா கோட்ட." உப்புப் போட்ட பால்தேநீரோடு வருகிற அம்மா, அந்த வெறும் இடத்தை மிதிக்காமல், அங்கே ஒரு கால் இருப்பது போலவே ஒதுங்கிச் சுற்றிப் போகிறாள்.