வரலாம், வரும்

"இது திருட்டு இல்லாம வேற என்ன?"

மருந்துக்கடைக்காரர் கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார். காலையில் அவர் எழுதிய வானிலைக் குறிப்பு தெருக்காரர்களின் குழுவில் மறுபடியும் வந்திருந்தது, எதிர்வீட்டுத் தையற்காரியின் பெயரில்.

"'மாலையில் பலத்த இடிமழை வரலாம்'னு நான் எழுதினேன். அவ 'வரும்'னு போட்டிருக்கா. ஒரே ஒரு சொல்லைத்தான் மாத்தியிருக்கா!"

"அந்த ஒரு சொல்லாவது அவளோடது இல்லையா?" என்றாள் மனைவி.

மழைமானியும் காற்றழுத்தமானியும் வாங்கி, வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்துவலி கண்டவர் அவர். தெருவோ அவளைத்தான் 'மழையக்கா' என்று அழைத்தது.

மாலையில் மொட்டைமாடிக்கு ஏறினார். சுருட்டிய பாயைப்போல் ஒரு கருமேகம் வானத்தின் குறுக்கே உருண்டு வந்தது. காற்று திசை மாறியது; ஆலங்கட்டி தகரக்கூரையில் தடதடத்தது. இப்படி ஒரு காட்சிக்காகத்தான் அவர் இத்தனை காலம் காத்திருந்தார்.

கைப்பேசி ஒலித்தது. 'மழையக்கா சொன்னா சொன்னதுதான்!'

அத்தனை மழை கொட்டியும் அவருடைய வயிற்றெரிச்சல் மட்டும் அணையவில்லை.

திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், கூடவே இடி. மின்னல் நீச்சல்குளத்துப் பக்கமாக இறங்கியது.

மகள் அங்கேதான் நீச்சல் பழகப் போயிருந்தாள். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினார்.

கூடத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள் மகள்.

"மாஸ்டர் எங்களைத் தண்ணியிலேயே இறங்கவிடலைப்பா. மழையக்கா சொன்னாங்கன்னு அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டார்."

"என் குறிப்பை அவர் பாக்கலையா?"

"பாத்தாராம். 'வரலாம்'னுதானே இருக்கு, வந்தா பாத்துக்கலாம்னு இருந்தாராம்."

குளத்தோர விளக்குக் கம்பம் பிளந்து கிடக்கும் படம் அதற்குள் குழுவில் வந்துவிட்டது. மகளின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். நெஞ்சு தணிந்தது, வயிறு தணியவில்லை. மழை விட்டதும் எதிர்வீட்டுக்கு நடந்தார்.

அங்கே வாசலில் ஒரு பெயிண்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வந்துச்சு, சரி. போன வாரம் 'வரும்'னு சொல்லி என்னைச் சாரத்துல ஏறவிடாம பண்ணியே! வெயில் மண்டையைப் பொளந்துச்சு. உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை?"

"தப்புதாங்க அண்ணே," என்றாள் தையற்காரி.

போன வாரக் குறிப்பும் மருந்துக்கடைக்காரர் எழுதியதுதான். எழுதியவர் எதிரிலேயே நின்றும் அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பெயிண்டர் போனதும் அவர் கேட்டார்: "ஏம்மா, எதுக்காக என் சொல்லை மாத்தினீங்க?"

"'வரலாம்'னா யாரும் அசையமாட்டேங்கறாங்க, சார். கொடியில கிடக்கிற துணியைக்கூட எடுக்கமாட்டாங்க."

"சரி. என் பேரை எடுத்துட்டு உங்க பேரை எதுக்குப் போட்டீங்க? பேர் வாங்கணும்னுதானே?"

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"'வரும்'னு அடிச்சுச் சொன்னா, சில நாள் வராமப் போகும். அன்னைக்கு 'புளுகுணி'ன்னு திட்டுவாங்க. என்னைத் திட்டினா நான் தைச்ச துணி கிழிஞ்சா போகுது? ஆனா உங்க பேச்சை நம்பித்தானே சார் இந்தத் தெருவே மாத்திரை முழுங்குது!"