கட்டிலில் தொங்கும் அட்டை

செவிகொடுப்பதே செவிலியரின் தலையாய அறம் என்று வார்டுச் சுவரில் பொன்னெழுத்து மின்னுகிறது. அதனடியில் தலைமை நர்ஸ் செல்போனை உள்ளங்கையில் ஏந்தி, துபாயிலிருந்து அன்சார் பேசுவதற்குச் செவிகொடுத்து நிற்கிறார். கால் முறிந்து படுத்திருக்கும் அவன் உம்மா சஃபியாவின் கையை இளம் நர்ஸ் மலர்க்கொடி பிடித்திருக்கிறாள். வேலைக்கு வந்து நான்கு நாள்தான். ஊசிமுனையில் ஒரு துளி இன்சுலின் ஜன்னல் வெயிலில் நடுங்குகிறது. வெளியே அறுவடை மெஷின் உறுமுகிறது. "எனக்குச் சக்கரையே கெடையாது, கேளு புள்ள," என்கிறாள் சஃபியா, மூன்றாம் முறையாக. "உம்மா அப்படித்தான் சொல்லும் சிஸ்டர், ஊசின்னா பயம். நீங்க போடுங்க," என்கிறது செல்போன். "அதான் சார் சொல்லிட்டாருல்ல, போடும்மா!" என்கிறார் தலைமை நர்ஸ். சர்க்கரை இல்லாதவளுக்குப் போட்டால் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டால் மலர்க்கொடியின் வேலைக்கு ஆபத்து. அவள் சஃபியாவின் கண்களைப் பார்க்கிறாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சஃபியாவின் கட்டிலில் தொங்கும் அட்டையைக் கையிலெடுத்து வாய்விட்டுப் படிக்கிறாள்: "ராசம்மாள்." "இங்க இருக்கேன்," என்று பக்கத்துக் கட்டிலில் ஒரு கை உயர்கிறது. காலையிலிருந்து அவள் அந்த ஊசியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.