மீட்டர் ஓடாத வீடு

“மேடம், கரண்ட் மீட்டரே ஓடாத வீடுகளைக் கம்ப்யூட்டர் பிரிச்சுக் கொடுத்திருக்கு. நாலாயிரம் வீடு!” என்றார் குமாஸ்தா.

இரண்டு வருடம் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகைக்கு விட்டே ஆக வேண்டும் என்பது புதுச் சட்டம். வீட்டுவசதி அதிகாரி பட்டியலைப் படித்தாள். ஒரு பெயரில் சற்று நின்றாள். பிறகு அந்தப் பெயருக்கான நோட்டீஸிலேயே முதலில் கையெழுத்திட்டாள்.

உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி பறந்தது. ஐந்தே நிமிடத்தில் போன்.

“ஆமா, நான்தான் போட்டேன்... அஞ்சு வருஷமா பூட்டியே வெச்சிருக்கீங்க. பக்கத்துத் தெருவுல ஒரே ரூம்ல எட்டுப் பேர் படுக்கறாங்க... பேரையெல்லாம் எடுக்க முடியாது. என்ன வேணா பண்ணிக்கோங்க!”

மறுமுனைச் சத்தம் குமாஸ்தாவுக்கே கேட்டது.

“பெரிய இடம் போலிருக்கு. எதுக்கு மேடம் வம்பு? அந்த ஒண்ணை மட்டும் விட்டுடலாமே.”

“விட்டா, மத்தவங்ககிட்ட எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது? நோட்டீஸை இன்னைக்கே நேர்ல கொடுக்கணும்.”

“யார் போவாங்க? அவங்க குடியிருக்கிற வீட்டு வாசப்படியை மிதிக்க விடமாட்டாங்களே!”

அதிகாரி நோட்டீஸைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“நான் போறேன். வேலை முடிஞ்சா அங்கதானே போயாகணும்? பேசினது என் மாமியார்.”