சொல்லலாமா, கூடாதா

உயிரியல் டீச்சர் கரும்பலகையில் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்புகிறார். ஒருவருக்கு நரம்பு நோய், மருந்தில்லை, பிள்ளைகளுக்கும் வரக்கூடும். அவர்களிடம் சொல்லலாமா, கூடாதா? பதினோராம் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. "சொல்லித்தான் ஆகணும் டீச்சர். என் உடம்பைப் பத்தி எனக்கே தெரியாம எப்படி?" என்கிறான் கடைசி பெஞ்சுக்காரன். கைதட்டல் கூரையைத் தொடுகிறது. டீச்சருக்கு உச்சி குளிர்கிறது. இப்படி ஒரு வகுப்புக்காகத்தானே இரண்டு வாரமாகத் தயார் செய்தார். முன் பெஞ்சில் அவனோடு இரட்டையாகப் பிறந்த அக்கா எழுந்திருக்கிறாள். "கூடாது டீச்சர். தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவனாவது நிம்மதியா இருக்கட்டும்னுதான்..." தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். யாரோ ஒருவனின் பேனா உருண்டு தரையில் விழுகிறது; குனிந்து எடுக்க ஆளில்லை. பலகையை அழித்துவிட்டால் போதும் என்பதுபோல் டீச்சரின் கை மேசைமேல் டஸ்டரைத் துழாவுகிறது. தம்பி எழுந்து நிற்கிறான். கைதட்டல் வாங்கிய சிரிப்பு அவன் முகத்திலிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை. அக்காவின் முதுகைப் பார்த்துக் கேட்கிறான்: "அப்பாவுக்குக் கை நடுங்குறது அசதியிலன்னு சொன்னியே?"