ஜிமிக்கிச் செடிக்கு மருந்து

"பேனைத் தின்னப் பேனா? நல்ல கதையா இருக்கேம்மா" என்று மாமனார் சிரித்தார்.

மருமகள் காகிதப் பையைத் தட்டினாள். தவிட்டோடு கலந்திருந்த, கண்ணுக்கே தெரியாத பூச்சிகள் ஃபூஷியாப் பூச்செடித் தொட்டியில் விழுந்தன. சிலந்திப்பேன் கடித்துக் கொழுந்தெல்லாம் சுருண்டு கிடந்தது. மாமியார் பெற்ற பிள்ளை போல வளர்த்த செடி அது. பூக்கள் தொங்கும் அழகைப் பார்த்து ஜிமிக்கிச் செடி என்று பெயரும் வைத்திருந்தார். மகள் வீட்டுக்குப் போயிருக்கும் அவர் திரும்ப ஒரு மாதம்தான் இருந்தது.

"இது நல்ல பேன் மாமா. செடியைத் தொடாது. கெட்ட பேனை மட்டும் பிடிச்சுத் தின்னும்."

"நாப்பது வருஷம் மருந்துக்கடை வெச்சிருந்தவன்கிட்ட சொல்றியா? பூச்சின்னா மருந்துதான். நாளையிலேருந்து தினம் அடிக்கப் போறேன்."

"மருந்து பட்டா நல்லதும் செத்துடும் மாமா. செடி போச்சுன்னா அத்தைக்கு யாரு பதில் சொல்றது?"

"உங்க அத்தையை நான் பாத்துக்கறேன்."

"எப்படி, பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா?"

மறுநாள் காலை, தெளிப்பானை நிரப்பிப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். மருமகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளே இருந்ததைச் சாக்கடையில் கொட்டி, மூன்று தடவை அலசி, தண்ணீர் பிடித்து வைத்தாள். அவர் வந்து வெகு கம்பீரமாக அடித்தார்.

"மருந்து மாமா, கையைக் கழுவுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள் அவள்.

ஒரு நாள் விடாமல் இதே கூத்துதான்.

மாமியார் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் செடியிடம் போனார். புதுக் கொழுந்துகளுக்கு நடுவே நாலு ஜிமிக்கிகள் ஆடின.

"எல்லாம் என் மருந்து" என்றார் மாமனார்.

"ஆமா அத்தை, மாமா மருந்தேதான்" என்றாள் மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாமியார் உள்ளே போனதும் மாமனார் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு ராத்திரியே உன் பூச்சிப் பையில இருந்த சீட்டைப் படிச்சேன், ஈரம் இருந்தாத்தான் அதுங்க பிழைக்கும்னு போட்டிருந்தது. அதான் தினம் தண்ணி பிடிச்சு வெச்சேன். அந்த நல்ல தண்ணியை மூக்கைக் கட்டிக்கிட்டு சாக்கடையில கொட்டிட்டு, மறுபடியும் தண்ணியையே எதுக்குப் பிடிச்சு வெச்சே?"